ஐந்து பேரின் ரத்தம்

குழந்தை தவழத் தொடங்கும்போதுதான் பல வீடுகளில் இந்த நோய் முதலில் கண்ணில் படுகிறது. முழங்கால் தரையில் அழுந்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்து நிற்கும். அள்ளித் தூக்கிய விரல்களின் தடம் விலாவில் கன்றிப்போயிருக்கும். தடுப்பூசி போட்ட தொடை வீங்கி, நாள் கடந்தும் வடியாது. யாரோ குழந்தையை அடித்துவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகம் எழும். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை நடக்கும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் எட்டாம் எண் கொண்டது, அதாவது ஃபேக்டர் 8, ஒரு சதவீதம்கூட இல்லை என்று முடிவு வரும். இதன் பெயர் ஹீமோபிலியா ஏ.

ஐயாயிரம் ஆண் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் இருக்கும். நாடு, இனம், வசதி எதுவும் இந்த விகிதத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. இந்தியாவில் ஆண்கள் எழுபது கோடி என்று வைத்துக்கொண்டால், இந்தக் குறையோடு பிறந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் இருக்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளில் இருப்பவர்கள் அதில் சிறு பங்கினர்தான். மற்றவர்களில் பலர் நோயின் பெயர் தெரியாமலே மூட்டு முடங்கி வாழ்கிறார்கள். பலர் சிறு வயதிலேயே மண்டைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோயிருப்பார்கள். இறப்புக்கான காரணத்தைக் கண்டறிய அருகில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

விரலில் கீறல் பட்டால் ரத்தம் நிற்காமல் ஓடி உயிர் போய்விடும் என்றுதான் ஹீமோபிலியாவைப் பற்றிப் பலரும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் சிறு கீறலைத் தட்டணுக்களே ஓடி வந்து அடைத்துவிடும். அவற்றில் இவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த அடைப்பின் மேல் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் வலையாகப் படர்ந்து இறுக வேண்டும். அந்த இரண்டாம் கட்டம்தான் நடப்பதில்லை. ஃபைப்ரின் உருவாக ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்டி, அது அதற்கடுத்ததைத் தூண்டி என வினைகள் வரிசையாக நடக்க வேண்டும். அந்த வரிசையில் ஃபேக்டர் 9 பத்தாவது ஃபேக்டரைத் தூண்டும் இடத்தில், பக்கத்தில் நின்று அந்த வினையைப் பல ஆயிரம் மடங்கு விரைவாக்குவது எட்டாவது ஃபேக்டர். அது இல்லையென்றால் வலை தாமதமாகவும் பலவீனமாகவும் உருவாகும். சில மணி நேரத்தில் கசிவு மீண்டும் தொடங்கும்.

அந்தக் கசிவு பெரும்பாலும் மூட்டுக்குள் நடக்கிறது. முழங்கால், முழங்கை, கணுக்கால் மூன்றும்தான் அதிகம் அடிபடுபவை. மூட்டுக்குள் தேங்கும் ரத்தத்தின் இரும்புச்சத்து உள்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வில் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன; அவை இன்னும் எளிதாகக் கசிகின்றன. ஒருமுறை ரத்தம் பாய்ந்த மூட்டில் மறுபடி மறுபடி பாய்வதற்கு இதுவே காரணம். சில ஆண்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு மடங்கியபடியே உறைந்துவிடும். முறையான சிகிச்சை கிடைக்காத ஹீமோபிலியா நோயாளிகள் இருபது வயதிலேயே ஊன்றுகோல் பிடித்து நடப்பதன் பின்கதை இதுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவைத் தன் பட்டியலில் சேர்த்தது சலுகையாகத் தந்ததல்ல. நடப்பதைப் பார்த்துச் செய்தது.

எட்டாவது ஃபேக்டருக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட மறுபிரதி கிடையாது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் அவள் பெரும்பாலும் நலமாகவே இருந்து, மகனுக்குப் பிழையுள்ள எக்ஸைக் கொடுத்துவிடக்கூடும். தாய்மாமனுக்கு இருக்கும் நோய் மருமகனுக்கும் வருவது இப்படித்தான். அக்காள் மகளைக் கட்டும் வழக்கமுள்ள நம் ஊர்களில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஹீமோபிலியா உள்ள தாய்மாமனுக்கும், பிழையுள்ள எக்ஸைச் சுமக்கும் அக்காள் மகளுக்கும் திருமணமானால், பிறக்கும் பெண் குழந்தைக்கே கடும் ஹீமோபிலியா வர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மற்றபடி பெண்களுக்குக் கடும் நோய் மிக அரிது.

குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக முளைக்கும் பிழைகளும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படித்தான் வருகிறது. “உன் வழியில்தான் வந்தது” என்று ஒரு பெண்ணை நோகடிக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிழை எந்தத் தலைமுறையில் நேர்ந்தாலும் அதை யாரும் செய்வதில்லை.

இல்லாததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை. நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையோ பிளாஸ்மாவையோ ஏற்றினால் கசிவு நிற்கும். ஆனால் மூட்டுக் கசிவை நிறுத்தப் போதுமான ஃபேக்டர் வேண்டுமானால் லிட்டர் கணக்கில் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும், இதயம் தாங்காது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜூடித் பூல் இதற்கு 1964-ல் ஒரு வழி கண்டார். உறைந்த பிளாஸ்மாவைக் குளிர்ச்சியிலேயே மெல்லக் கரைத்தால் பையின் அடியில் கொஞ்சம் பிசுபிசுப்பான வண்டல் தங்கும். எட்டாவது ஃபேக்டர் பெருமளவு அந்த வண்டலில்தான் இருக்கிறது என்று அவர் காட்டினார். சாதாரண ரத்த வங்கியிலேயே செய்யக்கூடிய வேலை இது. கிரையோ என்று ரத்த வங்கிகளில் இன்றும் சொல்வது இந்த வண்டலைத்தான்.

1970-களில் அடுத்த கட்டமாக ஃபேக்டரைப் பிரித்து உலர்பொடியாக்கிக் குப்பியில் அடைத்தார்கள். நோயாளி குப்பியை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு தானே ஊசி போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகலாம், ரயிலேறலாம். ஹீமோபிலியாவின் பொற்காலம் பிறந்துவிட்டதாகவே பல மருத்துவர்கள் நம்பினார்கள். ஒரு குப்பிப் பொடிக்காக ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்தார்கள். அதில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்தமும் நஞ்சாகும். அந்தப் பிளாஸ்மாவில் பெரும்பகுதி அமெரிக்காவில் காசுக்கு வாங்கப்பட்டது, சிறைகளிலிருந்தும் வாங்கினார்கள். 1980-களின் முதல் பாதியில் அந்தக் குப்பிகள் வழியாக எச்.ஐ.வி. வந்தது. ஹெபடைடிஸ் சி அதற்கும் முன்பே வந்துவிட்டிருந்தது.

அமெரிக்காவின் ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. இங்கிலாந்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான ட்ரெலோர் உறைவிடப் பள்ளியில் 1970-க்கும் 1987-க்கும் இடையே ஹீமோபிலியா உள்ள 122 மாணவர்கள் படித்தார்கள். இன்று உயிரோடு இருப்பவர்கள் சுமார் முப்பது பேர்தான். நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணைக் குழு 2024 மே மாதம் தந்த அறிக்கை, இது தவிர்த்திருக்கக்கூடிய பேரழிவு என்றும், அரசும் மருத்துவ நிர்வாகமும் உண்மையை மறைத்தன என்றும் பதிவு செய்தது. சில மாணவர்கள் பெற்றோருக்கே தெரியாமல் ஆராய்ச்சிப் பொருளாகப் பயன்படுத்தப்பட்டதையும் அது சொன்னது.

ஒன்பதாவது ஃபேக்டர் இல்லாத வகை ஹீமோபிலியா பி. அதற்குக் கிறிஸ்மஸ் நோய் என்றும் பெயருண்டு. 1952-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸ் குழுவினர் முதன்முதலாக விவரித்த நோயாளி ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவன். அவர் வளர்ந்து, கனடாவில் புகைப்படக் கலைஞராகி, ரத்தப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்து, ரத்தம் வழியாகவே எச்.ஐ.வி. தொற்றி 1993-ல் எய்ட்ஸால் இறந்தார். ஹீமோபிலியா குடும்பங்களிடம் ‘இதோ புது மருந்து’ என்று யாராவது சொன்னால் அவர்கள் உடனே கைதட்டுவதில்லை. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று நினைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது மிக நியாயமான நினைவாற்றலாகவே படுகிறது. புதிய சிகிச்சைகளை எடைபோட இந்த அத்தியாயத்தில் நானும் அதையே கையில் எடுத்துக்கொள்கிறேன்.

1980-களின் நடுவில் பொடியைச் சூடாக்கி வைரஸைக் கொல்லும் முறை வந்தது. எட்டாவது ஃபேக்டருக்கான மரபணு 1984-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதை வளர்ப்புச் செல்களில் செருகி உருவாக்கிய, மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்காத ஃபேக்டர் 1992-ல் சந்தைக்கு வந்தது. ஆபத்து நீங்கியது. அலைச்சல் நீங்கவில்லை. உடம்பில் ஏற்றிய ஃபேக்டர் 8 பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கசிவே வராமல் தடுக்க வேண்டுமானால் வாரத்துக்கு மூன்று முறையாவது நரம்பில் ஊசி போட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் கையில் நரம்பு தேடும் அம்மாக்களைக் கேட்டால் அந்த ‘மூன்று முறை’ எவ்வளவு பெரிய எண் என்று சொல்வார்கள். கடும் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உடம்பு அந்த ஃபேக்டரையே அந்நியன் என்று நினைத்து எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடுகிறது. இதை இன்ஹிபிட்டர் என்கிறார்கள். அதன்பின் எவ்வளவு ஃபேக்டர் போட்டாலும் வீண்.

2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் இந்த நிலைமையை உண்மையிலேயே மாற்றியது. ஜப்பானில் உருவான இந்த மருந்து எட்டாவது ஃபேக்டர் அல்ல. ஒரு கையால் ஒன்பதையும் மறு கையால் பத்தையும் பிடித்து அருகருகே நிறுத்தும்படி வடிவமைக்கப்பட்ட ஒரு எதிர்ப்புரதம். எட்டு செய்யும் வேலையை எட்டு இல்லாமலே நடத்திவிடுகிறது. தோலுக்கடியில் ஊசி, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை. இன்ஹிபிட்டர் இருந்தாலும் வேலை செய்யும். ஆயினும் ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மருந்து, விலையும் அதிகம்.

ஒரே ஒரு மரபணுவில்தான் பிழை. அந்த மரபணுவின் நல்ல பிரதியை ஒருமுறை உடம்புக்குள் வைத்துவிட்டால் என்ன? மரபணு சிகிச்சைக்கு ஹீமோபிலியாவைப் போலப் பொருத்தமான நோய் வேறில்லை என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. நூறு சதவீதம் ஃபேக்டர் வேண்டியதில்லை. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்கு ஐந்து சதவீதம் வந்தாலே வாழ்க்கை மாறிவிடும். எந்த உறுப்பில் உற்பத்தியானாலும் சரி, ரத்தத்தில் கலந்தால் போதும். பலன் கிடைத்ததா என்பதை ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும்.

மரபணுவை உள்ளே கொண்டுசெல்ல வைரஸ்தான் வேண்டும். செல்லுக்குள் புகுந்து தன் மரபணுவை இறக்குவதையே தொழிலாகக் கொண்டது அது. தீங்கு செய்யும் பகுதிகளை நீக்கிவிட்டு நமக்கு வேண்டியதை ஏற்றி அனுப்புகிறார்கள். சொல்ல எளிது. 1999 செப்டம்பரில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் வேறொரு கல்லீரல் குறைபாட்டுக்காக அடினோவைரஸ் ஏற்றப்பட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன் நான்கே நாளில் இறந்தான். சில ஆண்டுகளில் பாரீஸிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளை மரபணு சிகிச்சையால் மீட்டிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. செருகப்பட்ட மரபணு, புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இந்தத் துறை ஏறத்தாழப் பத்தாண்டுகள் தலைகுனிந்து வேலை செய்தது.

மீட்சி ஏ.ஏ.வி. என்ற சின்னஞ்சிறு வைரஸிலிருந்து வந்தது. அது தனியாக மனிதருக்கு எந்த நோயும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. கல்லீரலை நாடிச் செல்லும். 2011 டிசம்பரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அமித் நாத்வானி குழுவினர் ஆறு ஹீமோபிலியா பி நோயாளிகளுக்கு இதன் மூலம் ஒன்பதாவது ஃபேக்டரின் மரபணுவைக் கொடுத்து, அனைவருக்கும் ஃபேக்டர் உயர்ந்ததைக் காட்டினார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களைப் பதின்மூன்று ஆண்டு தொடர்ந்து கண்காணித்த முடிவுகள் 2025-ல் வெளியாயின. அளவு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

எட்டாவது ஃபேக்டர் அப்படி வழிக்கு வரவில்லை. முதல் தடை அளவு. ஏ.ஏ.வி. சுமக்கக்கூடியது சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்துகள், எட்டாவது ஃபேக்டருக்கான குறிப்பு மட்டுமே ஏழாயிரம் எழுத்து. புரதத்தின் நடுவில் ‘பி’ என்றொரு பெரிய பகுதி உண்டு. உறைதலுக்கு அது தேவையில்லை என்று கண்டு, அதை வெட்டி எறிந்த பிறகுதான் ஒருவழியாக உள்ளே அடங்கியது. இப்படி உருவான மருந்தை பயோமாரின் நிறுவனம் சோதித்தது. 2017-ல் முதல் முடிவுகள் வந்தபோது பலருக்கு ஃபேக்டர் சாதாரண அளவையே தொட்டிருந்தது. அதைப் படித்தபோது நானும் மகிழ்ந்தேன். பிறகு ஆண்டுதோறும் அளவு இறங்கியது. அந்த ஆய்வில் அதிக அளவு மருந்து பெற்றவர்களின் சராசரி முதலாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 64 சதவீதம். நான்காம் ஆண்டு முடிவில் 24.

ஏன் இறங்குகிறது? ஒரு விளக்கம் கல்லீரலிலேயே கிடைக்கிறது. ஒன்பதாவது ஃபேக்டரை இயற்கையாகவே கல்லீரலின் முதன்மைச் செல்கள் செய்கின்றன. எட்டாவது ஃபேக்டரைச் செய்பவை அவையல்ல. கல்லீரலின் நுண்குழாய்களுக்கு உட்பூச்சாக இருக்கும் செல்கள். ஏ.ஏ.வி. மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோ முதன்மைச் செல்களில். பழகாத, பெரிய, மடிப்பதற்குச் சிரமமான ஒரு புரதத்தை அவற்றின் மேல் சுமத்துகிறோம். அவை களைத்துப்போகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஏ.ஏ.வி. கொண்டுவரும் மரபணு நம் குரோமோசோமில் பெரும்பாலும் சேர்வதில்லை என்பது இன்னொரு காரணம். புத்தகத்தின் பக்கத்தில் அச்சான வரி வேறு. இடையில் செருகிவைத்த துண்டுச்சீட்டு வேறு. புத்தகத்தைப் படியெடுக்கும்போது அச்சான வரி ஒவ்வொரு படியிலும் வரும், துண்டுச்சீட்டு வராது. கல்லீரல் செல் இரண்டாகப் பிரியும்போது இதேதான் நடக்கிறது. பெரியவர்களின் கல்லீரலில் செல்கள் மெதுவாகவே பெருகுகின்றன. வளரும் குழந்தையின் கல்லீரலில் வேகமாக. எனவே மூட்டுகள் இன்னும் கெடாத, இந்தச் சிகிச்சையால் அதிகப் பலன் பெறக்கூடிய குழந்தைகளுக்கே இதைக் கொடுக்க முடியவில்லை. பலன் குறைந்தால் மறுமுறை போடவும் வழியில்லை. முதல் முறையிலேயே உடம்பு அந்த வைரஸுக்கு எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடும்.

அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் பயோமாரினின் அந்த மருந்தைத் திருப்பி அனுப்பி, நீண்டகாலத் தரவைக் கேட்டது. 2023-ல் அனுமதித்தது. அப்போதைய விலை 29 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 24 கோடி ரூபாய். ஹீமோபிலியா பி-க்கு 2022-ல் வந்த ஹெம்ஜெனிக்ஸ் என்ற மரபணு மருந்தின் அப்போதைய விலை 35 லட்சம் டாலர். இத்தனைக்குப் பிறகும் வாங்குவோர் அதிகம் வரவில்லை. பயோமாரின் 2024-ல் தன் விற்பனையை மூன்று நாடுகளுக்குள் சுருக்கியது. ஃபைசர் நிறுவனம் தன் ஹீமோபிலியா பி மரபணு மருந்தை அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஓராண்டுக்குள், நோயாளிகளிடமும் மருத்துவர்களிடமும் ஆர்வம் குறைவு என்று சொல்லி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. மாதம் ஒரு ஊசியில் கசிவு நிற்கும் நாட்டில், எத்தனை ஆண்டு நிற்கும் என்று உறுதியில்லாத, திரும்பப் பெற முடியாத சிகிச்சைக்கு நோயாளிகள் ஏன் அவசரப்பட வேண்டும்? குப்பிகளின் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் எடுத்த முடிவு அது.

வேலூர் வேறு பாதையில் போனது. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-லிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. அங்கு ரத்தவியல் துறையில் பணியாற்றிய அலோக் ஸ்ரீவஸ்தவா, ஹீமோபிலியாவுக்கான உலகச் சிகிச்சை வழிகாட்டு நூலின் முதன்மை ஆசிரியர். அவரும், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டோரிங், ட்ரென்ட் ஸ்பென்சர் ஆகியோரும் கல்லீரலை விட்டுவிட்டு மஜ்ஜையைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளியின் ரத்த மூலச் செல்களைச் சேகரிப்பார்கள். உடம்புக்கு வெளியே, ஆய்வகத்தில், நல்ல மரபணுவைச் செருகுவார்கள். கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, திருத்திய செல்களைத் திருப்பி ஏற்றுவார்கள். அவை மஜ்ஜையில் குடியேறிப் பெருகும். இங்கே மரபணு குரோமோசோமிலேயே சேர்வதால், ஒவ்வொரு மகவுச் செல்லுக்கும் அது போய்ச் சேரும்.  ஃபேக்டரைச் செய்ய வேண்டிய பொறுப்பு ரத்தத்தின் ஒரு வகை வெள்ளணுக்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது.

செருகிய மரபணுவும் முழுக்க மனிதனுடையது அல்ல. பன்றியின் எட்டாவது ஃபேக்டர் மனிதனுடையதைவிட மிக அதிகமாகச் செல்லிலிருந்து வெளியேறும் என்பது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அந்த இயல்புக்குக் காரணமான பகுதிகளை மட்டும் பன்றியிடமிருந்து எடுத்து, பெரும்பகுதி மனிதனுடையதாகவே இருக்கும் ஒரு கலப்பு மரபணுவை எமரியில் உருவாக்கினார்கள்.

அதைச் சுமந்துசெல்லும் வைரஸ் எது? எச்.ஐ.வி.

முதன்முறை தெரிந்துகொண்டபோது இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒரு தலைமுறை ஹீமோபிலியா நோயாளிகளைக் கொன்ற அதே வைரஸ். பிரியாமல் அமைதியாக இருக்கும் செல்லுக்குள்ளும் நுழைந்து குரோமோசோமில் மரபணுவைப் பதிக்கும் திறன் அதற்கு உண்டு. மூலச் செல்கள் பெரும்பாலான நேரம் அமைதியாகத்தான் இருக்கும். எனவே இந்தத் திறன் தேவைப்படுகிறது. நோய் உண்டாக்கும் மரபணுக்களையெல்லாம் நீக்கிவிடுகிறார்கள். பெருகத் தேவையான பகுதிகளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துவிடுவதால் அது ஒருமுறை உள்ளே போகும், மறுபடி வெளியே வராது. பக்கத்து மரபணுக்களைத் தூண்டும் முனைகளையும் செயலிழக்கச் செய்கிறார்கள். எச்.ஐ.வி.யின் சாவி மட்டும் மிஞ்சுகிறது.

முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. கடும் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து ஆண்கள், 22 முதல் 41 வயது வரை. முதல் இருவருக்கு ஃபேக்டர் 5.2 சதவீதம், 1.7 சதவீதம் என்று வந்தது. அடுத்த மூவருக்குச் செல்களில் மரபணு அதிகமாகச் சேர உதவும் ஒரு பொருளைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அவர்களுக்கு 37.1, 19.3, 39.9. ஒன்பது மாதம் முதல் இருபத்தேழு மாதம் வரை அவர்களைக் கண்காணித்தார்கள். அந்தக் காலத்தில் ஐவரில் ஒருவருக்கும் ஒரு கசிவுகூட வரவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் 1.7-தான். நாற்பது சதவீதம் இருப்பவருக்குக் கசியாதது வியப்பல்ல. இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடாதவருக்கும் ஏன் கசியவில்லை? ஊசி போட்டால் ஃபேக்டர் உயர்ந்து பிறகு தரையைத் தொடும். உடம்பே செய்தால் குறைவாக இருந்தாலும் இரவு பகல் எந்நேரமும் இருக்கும் என்பது ஒரு விளக்கம். ஒரே ஒருவரை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

அவசரப்படக் கூடாத இடம் இது. கீமோதெரபி எளிதல்ல. சில நாட்கள் உடம்பில் வெள்ளணுவே இருக்காது. தொற்று வந்தால் உயிருக்கு ஆபத்து. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். குழந்தை பெறும் திறன் போகலாம் என்பதால் முன்கூட்டியே விந்தைச் சேமித்துவைக்க வேண்டும். ஹீமோபிலியா புற்றுநோயைப் போல உடனடியாகக் கொல்லும் நோயல்ல. கொல்லாத நோய்க்கு இவ்வளவு கடுமையான சிகிச்சையா என்ற கேள்வியை மேலை நாட்டு மருத்துவர்கள் கேட்பார்கள். அவர்கள் நாட்டில் அது சரியான கேள்வி. ஃபேக்டரோ எமிசிசுமாபோ தடையின்றிக் கிடைக்காத நாட்டில், மூட்டுகள் ஒவ்வொன்றாக முடங்கும் இளைஞனுக்கு அந்தத் தராசு வேறு விதமாகச் சாய்கிறது. அவனைப் பொறுத்தவரை ஒப்பிட வேண்டியது சிகிச்சையையும் சிகிச்சையின்மையையும்.

புற்றுநோய் அபாயம் இன்னும் கனமானது. குரோமோசோமில் பதியும் எந்த மரபணுவும் தவறான இடத்தில் பதியக்கூடும். எச்.ஐ.வி. சேர்ந்திருக்கும் லென்டிவைரஸ் வகை, பழைய பாரீஸ் வைரஸைவிடப் பாதுகாப்பானது என்று நம்பியிருந்த வேளையில், மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக அதே வகை வைரஸில் உருவான ஸ்கைசோனா சிகிச்சை பெற்ற 67 பேரில் ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக, வேலூர் முடிவுகளுக்கு இரண்டு மாதம் முன் அதே இதழில் செய்தி வந்தது. ஸ்கைசோனாவில் மரபணுவை இயக்க வைத்திருந்த விசை மிக வலுவானது, எல்லாச் செல்லிலும் வேலை செய்வது. வேலூரில் வைத்தது குறிப்பிட்ட வெள்ளணுவில் மட்டும் வேலை செய்வது. இந்த வேறுபாடு காப்பாற்றலாம். ஐந்து பேரை அதிகபட்சம் இருபத்தேழு மாதம் பார்த்து அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. குரோமோசோமில் பதியும் மரபணுச் சிகிச்சைகளுக்குப் பதினைந்து ஆண்டு கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் பரிந்துரைக்கிறது. இங்கேயும் அதைக் குறைக்கக் கூடாது. கண்காணிப்புக்கான பணம் ஆய்வுத் திட்டத்தோடு முடிந்துவிடாமல் அரசு தனியாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை என்னவாகும்? வைரஸையும் செல் தயாரிப்பையும் இங்கேயே செய்தால், 24 கோடிக்குப் பக்கத்தில்கூடப் போகாது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை நம் மருத்துவமனைகள் உலக விலையில் சிறு பங்குக்குச் செய்து காட்டியிருக்கின்றன. தரமான வைரஸைப் பெருமளவில் செய்யும் ஆலைதான் கடினமான கண்ணி. அது அமையாத வரை ஐந்து பேர் ஐம்பதாகலாம், ஐயாயிரம் ஆக முடியாது.

இன்னொன்றை எந்த மரபணுவாலும் செய்ய முடியாது. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துத் தராது. இருபத்தைந்து வயதில் ஃபேக்டர் நாற்பது சதவீதமானாலும், பதினைந்து வயதில் உறைந்த முழங்கால் அப்படியேதான் இருக்கும். மரபணு சிகிச்சை ஒருநாள் பரவலாக வரும் என்று நான் நம்புகிறேன். இன்று தவழும் குழந்தை அன்று ஓடும் காலோடு அதைப் பெற வேண்டுமானால், மூன்று வயதுக்குள், இரண்டாவது மூட்டுக் கசிவு வருவதற்கு முன்பே தடுப்புச் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். வசதி குறைந்த நாடுகளுக்காக உலக வழிகாட்டு நூல் சொல்லும் சிறு அளவு முறையில், கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து யூனிட், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 யூனிட் வரும். சந்தையில் கிடைக்கும் 250 யூனிட் குப்பியே ஒரு வேளைக்குப் போதும். தமிழக அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ரத்தம் கசிந்து குழந்தை துடித்த பிறகு மட்டுமே அது தரப்படுகிறதா, கசியும் முன்பே தரப்படுகிறதா என்பதை ஒவ்வொரு மாவட்டத்திலும் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும்.